ராஜாக்கள் சாப்பிட்ட பீங்கானைப் பார்க்க ஒரே நாள்: டிரெஸ்டனா, வியன்னாவா, லண்டனா?

ஐரோப்பாவில் உங்களுக்கு ஒரே ஒரு நாள் மிச்சம் இருக்கிறது. ராஜாக்களும் பிரபுக்களும் ஆர்டர் கொடுத்துச் செய்யவைத்த முதல் தலைமுறைப் பீங்கான் பாத்திரங்களை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. எந்த ஊருக்கு டிக்கெட் போடுவது? போன மாதம் என் சித்தி மகன் இதையே கேட்டான். அவனுக்கு பிராங்க்ஃபர்ட்டில் வேலை, அதனால் கண்ணை மூடிக்கொண்டு டிரெஸ்டன் என்றுதான் சொல்வேன் என்று நினைத்திருந்தான். நான் லண்டன் என்றேன். "ஜெர்மன்காரன் செஞ்ச தட்டைப் பார்க்க எதுக்குண்ணா லண்டன் போகணும்?" என்றான். அதற்குப் போனில் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நாம் ஊறுகாய் ஜாடியையும் பீங்கான் என்கிறோம், டீக்கடைக் கோப்பையையும் பீங்கான் என்கிறோம். இங்கே பேசுவது வெள்ளையாக, மெல்லியதாக, விளக்குக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் ஊடுருவுகிற, சுண்டினால் மணி போல் ஒலிக்கிற சரக்கைப் பற்றி. சீனர்கள் அதைப் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்தார்கள். ஐரோப்பியர்கள் கப்பல் கப்பலாக வாங்கினார்களே தவிர, செய்யத் தெரியவில்லை. கயோலின் என்கிற வெள்ளைக் களிமண் வேண்டும், சூளை 1400 டிகிரி வரை சூடேற வேண்டும், இந்த இரண்டும் சேர்ந்தால்தான் உண்மையான கடினப் பீங்கான். கயோலின் கிடைக்காதவர்கள் களிமண்ணோடு கண்ணாடிப் பொடி மாதிரியான பொருள்களைக் கலந்து குறைந்த சூட்டில் ஒன்றைச் சுட்டார்கள், அது மென் பீங்கான். விளிம்பு உடைந்த துண்டு கண்ணில் பட்டால் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடலாம். கடினப் பீங்கானின் உடைப்பு கண்ணாடிச் சில்லு போல வழவழப்பாகப் பளபளக்கும், மென் பீங்கானின் உடைப்பு சர்க்கரைக் கட்டியை உடைத்த மாதிரி நறநறவென்று இருக்கும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஊரைத் தேர்ந்தெடுப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, டிரெஸ்டன்.

கதை பிறந்த இடம் அதுதான், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தங்கம் செய்வேன் என்று பேர் எடுத்த போட்கர் என்ற இளைஞன் 1701இல் பிரஷ்யாவிலிருந்து தப்பி, டிரெஸ்டனைத் தலைநகராகக் கொண்ட சாக்சனி என்ற ஜெர்மன் நாட்டுக்கு ஓடிவந்தான். சாக்சனியின் ஆட்சியாளரும் போலந்தின் அரசருமான வலிமைமிக்க ஆகஸ்டஸ் அவனைப் பிடித்து அடைத்துவைத்து, தங்கம் செய்து கொடு என்றார். தங்கம் வரவில்லை. அங்கே ஏற்கெனவே மண்ணையும் கண்ணாடியையும் உருக்கி ஆராய்ந்துகொண்டிருந்த சிர்ன்ஹவுஸ் என்ற அறிஞரோடு அவனைச் சேர்த்துவிட்டார்கள். 1708 ஜனவரியில் எழுதிய ஒரு சோதனைக் குறிப்பில் வெள்ளையான, ஒளி ஊடுருவும் துண்டு கிடைத்த செய்தி இருக்கிறது. அந்த வருடமே சிர்ன்ஹவுஸ் இறந்துபோனார், பெயர் முழுவதும் போட்கருக்குப் போய்விட்டது. எனக்கு இது இன்றைக்கும் வருத்தம்தான். 1710இல் ரகசியம் வெளியே போகாமல் இருக்கத் தோதாக மைசன் ஊரில் குன்றின்மேல் இருக்கும் ஆல்பிரெக்ட்ஸ்பர்க் கோட்டைக்குள் தொழிற்சாலையை வைத்தார்கள். போட்கர் 1719இல் செத்துப்போனான், முப்பத்தேழு வயது.

ஆகஸ்டஸுக்குப் பீங்கான் மேல் இருந்த ஆசையை ஒரு கணக்கே சொல்லிவிடும். 1717இல் பிரஷ்ய மன்னரிடம் இருந்த 151 சீனப் பீங்கான்களுக்காகத் தன்னிடமிருந்த 600 குதிரைப்படை வீரர்களைக் கொடுத்தார். அதில் வந்த பெரிய நீல வெள்ளை ஜாடிகளுக்கு டிராகூன் (குதிரைப்படை வீரர்) ஜாடிகள் என்றே பெயர் நிலைத்துவிட்டது, இன்றும் டிரெஸ்டனில் ஸ்விங்கர் அரண்மனைக் காட்சியகத்தில் பார்க்கலாம். அந்த அறுநூறு பேரும் என்ன நினைத்துக்கொண்டு ஊர் மாறியிருப்பார்கள் என்று யோசிக்காமல் என்னால் அந்த ஜாடிகளைத் தாண்டிப் போக முடிந்ததில்லை.

ஸ்விங்கரின் தொகுப்பில் சுமார் 20,000 பொருள்கள் உண்டு. சீன, ஜப்பானிய மூலங்களும், அவற்றைப் பார்த்து மைசன் செய்த நகல்களும், போட்கரின் ஆரம்பகாலச் சிவப்புச் சுடுமண்ணும் ஒரே கட்டடத்தில். ஆனால் நாம் பார்க்கப் போவது தட்டு, கிண்ணம், சூப் பாத்திரம், அதாவது சாப்பாட்டு மேசை. அங்கேதான் டிரெஸ்டன் எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது. ஆகஸ்டஸின் கனவு ஒரு பீங்கான் அரண்மனை, மேசை அவருக்கு இரண்டாம்பட்சம். ஜப்பானிய அரண்மனை என்ற மாளிகையைத் தரை முதல் கூரை வரை ஜாடிகளாலும், பெரிய பெரிய மிருக உருவங்களாலும் நிரப்ப நினைத்தார். சிங்கம், காண்டாமிருகம், ஆடு என்று அந்த மிருகங்கள் சூளையில் வெடித்த கோடுகளோடு வரிசையாக நிற்கின்றன. பார்வையை இழுப்பது அவைதான். முழுப் பெரிய மேசைச் செட்டுகளின் காலம் அவர் 1733இல் இறந்த பிறகுதான் சூடுபிடிக்கிறது. 1735 முதல் சுல்கோவ்ஸ்கி என்ற அமைச்சருக்காகச் செய்ததுதான் குலச்சின்னத்தோடு கூடிய முதல் பெரிய மைசன் செட். 1738இல் அவர் பதவி போனது. அவர் இடத்தை எடுத்துக்கொண்ட ப்ரூல் பிரபு, தொழிற்சாலைக்கும் தானே மேலதிகாரியாக இருந்தவர், தனக்கும் தன் மனைவிக்கும் 1737 முதல் 1742 வரை செய்துகொண்டதுதான் அன்னச் செட். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள்!

அந்தத் தட்டு ஒன்றின் முன் மட்டும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். நேர் எதிரே நின்றால் வெறும் வெள்ளைத் தட்டு. ஓரமாக ஒரு சின்னக் குலச்சின்னம், இரண்டு மூன்று உதிரிப்பூக்கள், விளிம்பில் தங்கக் கோடு, அவ்வளவுதான். ஒரு எட்டு பக்கவாட்டில் நகருங்கள். வெளிச்சம் சாய்ந்து விழும்போது தட்டு முழுக்கச் சிப்பியின் வரிகள் மாதிரி அலை அலையாகப் புடைப்பு எழும்பிவரும், நடுவில் நாணலுக்கிடையே இரண்டு அன்னங்கள் நீந்தும், பக்கத்தில் கொக்கு, மேலே ஒன்று பறந்து இறங்கும். வண்ணமே இல்லாமல் புடைப்பாலும் நிழலாலும் மட்டும் செய்த வேலை. செய்தவர் சிற்பி கேண்ட்லர், உதவிக்கு எபர்லைன். குழம்பு ஊற்றினால் அன்னங்கள் மூழ்கிவிடும், சாப்பிட்டு முடிக்க முடிக்க வெளியே வரும். சிற்பத்தைச் சாப்பாட்டுக்கு அடியில் ஒளித்துவைத்த அந்த யோசனைக்காகவே நான் கேண்ட்லரை வணங்குவேன். 1945 வரை இந்தச் செட்டின் பெரும்பகுதி ப்ரூல் குடும்பத்தின் மாளிகையில், இன்றைக்குப் போலந்தில் இருக்கும் ஊரில், ஒன்றாகவே இருந்தது. போர் முடியும் நேரத்தில் உடைந்தும் கொள்ளைபோயும் சிதறிவிட்டது. அதனால்தான் இப்போது ஒரு தட்டு இங்கே, ஒரு கிண்ணம் அங்கே என்று பல நாட்டு மியூசியங்களில் தனித்தனியாக இருக்கிறது.

டிரெஸ்டன் போனால் மைசனையும் சேர்த்துக்கொள்ளலாம். உள்ளூர் ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. கோட்டைக்கு ஏறிப் பாருங்கள், இப்போதைய தொழிற்சாலையில் வார்ப்பதையும் தீட்டுவதையும் பார்வையாளர்களுக்குச் செய்து காட்டுகிறார்கள். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் அடைத்தால் ஸ்விங்கரில் ஓட வேண்டியிருக்கும். நான் முதல் தடவை ஒரு சுற்றுலாக் குழுவோடு போனேன், ஸ்விங்கருக்கு நாற்பது நிமிடம் கொடுத்தார்கள், அதில் பாதி கழிப்பறை வரிசையிலும் குழுப் படத்திலும் போய்விட்டது. அன்னத் தட்டை நான் பார்த்தது மூன்று வருடம் கழித்து, தனியாகப் போனபோதுதான். ஆக டிரெஸ்டனுக்கு இரண்டு நாள் வேண்டும். திங்கட்கிழமை ஸ்விங்கர் காட்சியகம் மூடியிருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வியன்னாவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஆனால் அன்போடு. மைசன் ரகசியம் பத்து வருடம்கூடத் தாங்கவில்லை. து பாக்கியே என்ற அரசவை அலுவலர் 1718இல் பேரரசரிடம் 25 வருட உரிமை வாங்கி, மைசனிலிருந்து ஆட்களைச் சம்பள ஆசை காட்டி இழுத்து, ஐரோப்பாவின் இரண்டாவது கடினப் பீங்கான் பட்டறையைத் தொடங்கினார். வந்தவர்களில் ஸ்டோல்ட்செல் என்பவர்தான் களிமண் கலவை தெரிந்தவர். 1720இல் அவரே கோபித்துக்கொண்டு, பட்டறையில் கைக்கு எட்டியதைப் பாழாக்கிவிட்டு, நல்ல ஓவியரான ஹெரோல்டையும் கூட்டிக்கொண்டு மைசனுக்கே திரும்பிவிட்டார். மைசனின் வண்ணங்கள் செழித்தது அந்த ஹெரோல்டால்தான். இவ்வளவு அடி வாங்கியும் து பாக்கியே கால் நூற்றாண்டு தாக்குப்பிடித்தார், ரஷ்யாவின் மகாராணி அன்னாவுக்கு இரட்டைத்தலைக் கழுகு போட்ட செட் செய்து அனுப்பினார், கடைசியில் 1744இல் மரியா தெரேசாவின் அரசு பட்டறையை வாங்கிக்கொண்டது.

வியன்னாவில் பார்க்க வேண்டியது எம்ஏகே மியூசியத்தில் இருக்கும் டுப்ஸ்கி அறை. செக் நாட்டு பிர்னோ நகரின் ஒரு மாளிகையிலிருந்து அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்தது. சுவர்ப் பலகைகளிலும் கடிகாரத்திலும் விளக்கிலும் வியன்னாப் பீங்கான், 1740 வாக்கில் செய்தது. இன்னொன்று, அந்தப் பட்டறை பேர்போன நடுங்கு கோப்பைகள். சாக்லேட் குடிக்கும் உயரமான கோப்பை, அதன் தட்டில் கூடை மாதிரி துளையிட்ட வளையம் எழும்பி நிற்கும், கோப்பை அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கை நடுங்கினாலும் சரி, படுக்கையில் சாய்ந்து குடித்தாலும் சரி, கவிழாது. என் பாட்டிக்குக் கடைசிக் காலத்தில் டபராவைப் பிடிக்க முடியாமல் விரல் ஆடிக்கொண்டே இருக்கும். இப்படி ஒன்று இருந்திருந்தால் கொஞ்சம் மரியாதையோடு காபி குடித்திருப்பார் என்று தோன்றியது. பெரிய மியூசியத்தில் நடக்க முடியாத அப்பா அம்மாவோடு போகிறீர்கள் என்றால் வியன்னாதான் சரி, ஒரு அறை, மனசு நிறைந்துவிடும். ஆனால் தனியாக ஒரு நாளை இதற்கென்றே செலவழிக்க நான் சொல்லமாட்டேன், முழு மேசையின் கதை அங்கே கிடைக்காது.

இப்போது லண்டன். ஏன் லண்டன் என்றால், அந்தப் பாத்திரங்கள் எதற்காகச் செய்யப்பட்டன என்பது எனக்குப் புரிந்தது அங்கேதான்.

விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தின் 1600 முதல் 1815 வரையான ஐரோப்பியக் கூடங்களில் ஒரு மேசை நீரூற்று இருக்கிறது. அதுவும் ப்ரூல் பிரபுவினுடையது, மைசனில் கேண்ட்லர் 1740களில் செய்தது. ப்ரூலின் டிரெஸ்டன் தோட்டத்தில் இருந்த உண்மையான கல் நீரூற்றின் சின்ன வடிவம். சின்னது என்றால் நான்கு மீட்டர் அளவுக்கு நீளுகிறது! கடல்தேவதைகள், குதிரைகள், படிகள், சுற்றிலும் சுவர், எல்லாம் வெள்ளைப் பீங்கான். துண்டு துண்டாகக் கிடந்ததை மியூசியம் சமீப காலத்தில்தான் ஒழுங்குபடுத்தி, தொலைந்துபோன பகுதிகளைப் புதிதாகச் செய்து சேர்த்து நிறுத்தியிருக்கிறது. இதை வைத்தது சாப்பாட்டு மேசையின் நடுவில், அதுவும் இனிப்புப் பரிமாறும் நேரத்தில். அதுவரை பிரபுக்கள் வீட்டு இனிப்பு மேசையில் சர்க்கரையால் செய்த பொம்மைகளை நிறுத்துவது வழக்கம், அந்த இடத்தைத்தான் மைசன் பீங்கான் உருவங்கள் பிடித்துக்கொண்டன. அதனால்தான் ப்ரூல் வீட்டுக் கணக்கில் இந்த உருவங்கள் மிட்டாய் அறைச் சாமான்களாகப் பதிவாகியிருக்கின்றன. ப்ரூல் வீட்டில் 206 பேர் ஒரே மேசையில் உட்கார்ந்த விருந்தொன்றில் இருந்த ஆங்கிலத் தூதர் ஹான்பரி வில்லியம்ஸ், நடுவில் எட்டடி உயர நீரூற்று ஒன்று விருந்து முடியும்வரை பன்னீர் கொட்டிக்கொண்டே இருந்ததாக எழுதிவைத்திருக்கிறார். தோட்டத்தில் இருக்கிறோமா நாடகம் பார்க்கிறோமா என்றே தெரியவில்லையாம் அவருக்கு. டிரெஸ்டனில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒற்றைத் தட்டாகப் பார்த்த அன்னம், இந்த நீரூற்றைப் பார்த்தபிறகுதான் எனக்கு ஒரு விருந்தின் பகுதியாகத் தெரிந்தது. இரண்டும் ஒரே வீட்டுச் சாமான்கள்.

அதே தூதருக்குச் சாக்சனி ஆட்சியாளர் பரிசாகக் கொடுத்த மைசன் செட் லண்டனில் ஒரு மாளிகையில் இருந்தது. லண்டனிலேயே செல்சி பட்டறை நடத்திய ஸ்ப்ரிமோன் 1751இல் அதை இரவல் வாங்கி நகல் எடுத்தார். ஸ்ப்ரிமோன் அடிப்படையில் வெள்ளி வேலைக்காரர், அவர் கையில் இருந்தது மென் பீங்கான். அதனால் செல்சித் துண்டுகள் மைசனைப் பார்த்துச் செய்தவையாக இருந்தாலும் கனமாக, பால்கோவா நிறத்தில், வேறு குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். அதே மியூசியத்தின் மேல்தளப் பீங்கான் கூடங்களில் மைசன், வியன்னா, செல்சி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஒப்பிடலாம். இந்த ஒப்பீட்டுக்கு மற்ற இரண்டு ஊரிலும் இவ்வளவு வசதி இல்லை.

அப்புறம் வாலஸ் கலெக்ஷன். பிரெஞ்சுப் பீங்கானுக்குப் பாரிஸ் போகலாமே என்பீர்கள். போகலாம்தான், ஆனால் சேவ்ர் பட்டறையின் பீங்கானை இவ்வளவு நெருக்கமாக, இவ்வளவு அமைதியான வீட்டு அறைகளில் பார்க்க எனக்குத் தெரிந்து வாலஸ்தான் நல்ல இடம். சேவ்ர் முதலில் வான்சென் கோட்டையில் 1740இல் தொடங்கியது, 1756இல் சேவ்ர் கிராமத்துக்கு மாறியது, 1759இல் பதினைந்தாம் லூயி முழுவதையும் தானே வாங்கிக்கொண்டார். 1768இல் லிமோஜ் பக்கத்தில் கயோலின் கண்டுபிடிக்கும்வரை அவர்களிடம் இருந்ததும் மென் பீங்கான்தான். கையில் நல்ல மண் இல்லாத குறையையே அவர்கள் தங்கள் பலமாக மாற்றிக்கொண்டார்கள் என்று சொல்வேன். மைசன் தட்டில் வண்ணம் மேலே உட்கார்ந்திருக்கும், தடவினால் விரலில் தட்டுப்படும். சேவ்ரில் வண்ணம் மெருகுக்குள், அதாவது மேலே இருக்கும் கண்ணாடிப் பூச்சுக்குள், இறங்கி ஊறிவிடும், துணியில் சாயம் பிடித்தமாதிரி. வேதியியலாளர் எல்லோ செம்பை வைத்து உருவாக்கிய வான நீலம் இருக்கிறதே, அந்த ஆழம் கடினப் பீங்கானில் வரவே வராது.

இதற்குச் சாட்சி ரஷ்யாவின் கேத்தரின் மகாராணி. 1776இல் அவர் ஆர்டர் கொடுத்தபோது பட்டறையில் கடினப் பீங்கான் ஏற்கெனவே வந்துவிட்டது. ஆனாலும் அவர் கேட்ட நிறத்துக்காகப் பழைய மென் பீங்கானிலேயே செய்தார்கள். 60 பேருக்கான செட், சுமார் 800 துண்டு, 1779இல் போய்ச் சேர்ந்தது, விலை மூன்று லட்சம் லிவ்ருக்கு (அன்றைய பிரெஞ்சு நாணயம்) மேல். பணம் கொடுப்பதில் வருடக்கணக்கில் தகராறு. 1837இல் குளிர்கால அரண்மனை தீப்பிடித்தபோது திருடுபோன துண்டுகள் சில இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தன. அந்தச் செட்டின் ஐஸ்கிரீம் வாளிகளை வாலஸில் பார்க்கலாம். வெளி வாளியில் ஐஸ், அதற்குள் ஐஸ்கிரீம் கிண்ணம், குழிந்த மூடிக்குள் மறுபடியும் ஐஸ், மேலும் கீழும் குளிர்ந்துகொண்டே இருக்கும். நீலத்துக்கு நடுவே ரோமானியப் பதக்கங்கள் மாதிரி தலைகள், ரஷ்ய எழுத்தில் மகாராணியின் பெயரின் முதலெழுத்து. மைசன் அன்னத் தட்டின் அடக்கத்தை விரும்புகிற எனக்கே அந்த நீலத்தின் முன் பேச்சு வரவில்லை.

ஆக, ஒரே நாள் என்றால் லண்டன். காரணம் பணமும்தான், இரண்டு மியூசியத்துக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. விசா கணக்கு மட்டும் தனியாகப் பாருங்கள், ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு லண்டன் போக முடியாது. பிராங்க்ஃபர்ட் தம்பிக்கு அந்த ஒரு செலவு கூடுதல், அதைச் சொன்னதும் அவன் முகம் எப்படிப் போனது என்று போனிலேயே தெரிந்தது. ஏற்கெனவே ஜெர்மனிக்குள் இருக்கிறீர்கள், பிரிட்டன் விசா எடுக்க மனமில்லை, ஆனால் இரண்டு நாள் ஒதுக்க முடியும் என்றால் தயங்காமல் டிரெஸ்டன் போங்கள், முதல் நாள் முழுக்க ஸ்விங்கர், மறுநாள் மைசன். குழந்தைகள் கூட வருகிறார்கள் என்றாலும் டிரெஸ்டன்தான், அந்தக் காண்டாமிருகத்தை விட்டு அவர்களை நகர்த்துவதுதான் கஷ்டம்.

லண்டன் போகிறவர்கள் வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் போடுங்கள். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அன்றைக்கு இரவு பத்து மணிவரை திறந்திருக்கும், ஆனால் எல்லாக் கூடமும் அவ்வளவு நேரம் இருக்காது, கிளம்பும் முன் அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் வாலஸ், மாலை ஐந்து மணிக்குள் அதை மூடிவிடுவார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு மேல்தளப் பீங்கான் கூடங்கள், அதுவும் சீக்கிரம் போய்விடுங்கள், கால் வலி எடுக்கும் முன்னால். நீரூற்றைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். தட்டுகளைப் பார்க்கும்போது படத்தை மட்டும் பார்க்காமல் நடுப்பகுதியில் சாய்வாகக் கண்ணை ஓட்டுங்கள், மென் பீங்கானின் மெருகு மெத்தென்றது, கத்தி பட்ட கீறல்கள் அதில் அப்படியே நின்றுவிடும். யாரோ ஒருவர் இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் அந்தத் தட்டில் இறைச்சியோ பழமோ நறுக்கிச் சாப்பிட்ட கோடுகள் அவை.